வன்னியில் ஓர் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எழுதும் முறை

வன்னியில் ஒரு விளையாட்டுக் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு மலர் வெளியிட முடிவு செய்தால், வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களை நிரப்பிவிடுகின்றன. கழகத்தின் வரலாறு, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முன்தினம் செயலாளர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டு பக்கங்களிலும் 'பல்வேறு இடர்களுக்கு மத்தியிலும்' என்ற ஒரு தொடருக்குள் முப்பது ஆண்டுப் போர் முழுவதும் அடக்கப்படுகிறது. அந்தத் தொடரைப் பிரித்து விரித்து எழுத விரும்பும் இளைஞர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடுகளில் உதைபந்து படையினரோடும் மிசன் பாடசாலைகளோடும் வந்து சேர்ந்தது. நம் நாடும் அதற்கு விலக்கல்ல. இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நாடு சுதந்திரம் பெற்றது 1948 பெப்ரவரி 4ஆம் திகதி. பீபாவில் அங்கத்துவம் கிடைத்தது 1952இல். 'சிலோன்' என்ற பெயர் 1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்போடு மாறியது. ஆகவே தேசிய அணி என்ற ஒன்று நாட்டின் வயதை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. ஆனால் அது தன்னுடைய அணிதானா என்ற கேள்விக்கு வன்னியின் ஒரு பின்கள வீரர் 1965இலும் 1985இலும் 2003இலும் 2015இலும் ஒரே பதிலைச் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பதில்கள் எப்போது, எதனால் மாறின என்பதைத் தன் ஊரின் பந்தாட்டக் கதைக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டும் வரலாறுதான் எழுதத் தகுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மைதானத்திலிருந்து தொடங்குங்கள்

முதலாவது பொதுக்கூட்டத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டாம். மூத்த வீரர் ஒருவரிடம் "கழகம் எந்த ஆண்டு தொடங்கியது, ஐயா?" என்று கேட்டால், அவர் ஏற்கெனவே மலர்களில் படித்ததையே திருப்பிச் சொல்வார். அவரிடம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் கொடுத்து, தாம் விளையாடிய மைதானத்தை வரைந்து காட்டும்படி கேளுங்கள். கோல் கம்பங்கள் எந்தத் திசையை நோக்கி நின்றன, அவை பாலையா முதிரையா, எந்தக் காட்டில் வெட்டப்பட்டன, எல்லைக்கோடு சுண்ணாம்பாலா உமிச்சாம்பலாலா போடப்பட்டது, பந்து அடிக்கடி போய் விழுந்த கிணறு யாருடைய வளவில் இருந்தது, பார்வையாளர் எந்த மரத்தின் கீழ் நின்றனர் என்று அவர் வரைய வரையக் கேளுங்கள். தாளில் கிணறு வந்துவிட்டால், அந்தக் கிணற்றுக்காரரின் பெயர் வரும். பந்தைக் கத்தியால் கிழித்த கதை வரும். அதற்குப் பிறகு ஊரில் நடந்த சமாதானப் பேச்சு வரும். ஆண்டை அவர் மறந்திருக்கலாம், அந்த வளவின் வேலியை மறந்திருக்க மாட்டார்.

அடுத்ததாக அந்தக் காணி யாருடையது என்பதைத் தேடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்கள் குளங்களை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்கள். அங்கே காணி என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் வந்து குடியேறிய இளைஞர்கள் மாலையில் எங்கே பந்தடித்தார்கள் என்று கேட்டால், பொதுத் தேவைக்கென ஒதுக்கிய துண்டு ஒன்றையோ, சிறுபோகம் செய்யாமல் விட்ட வயலையோ காட்டுவார்கள். மன்னார்க் கரையோரத்தில் அது பெரும்பாலும் தேவாலயத்தை அடுத்த வெளியாக இருக்கும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பழைய வரைபடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கழகத்தின் கடிதத் தலைப்பில் எழுத்து மூலம் கேட்டால் வேலை இலகுவாகும்.

மைதானம் பறிபோன காலத்தையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். போர் முடிந்த 2009க்குப் பின்னர் மீள்குடியேறிய சனங்களில் ஒரு பகுதியினர் தம் ஊர்க் காணிகளில் இராணுவ முகாம் இருப்பதைக் கண்டார்கள். கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்பு மக்கள் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் காணிகளுக்காகத் தெருவோரம் அமர்ந்து நடத்திய போராட்டம் அனைவரும் அறிந்தது. உங்கள் மைதானமும் அவ்வாறு முட்கம்பிக்குள் இருந்திருந்தால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த அளவு, விடுவிக்கப்பட்டபோது அதில் என்ன மிஞ்சியிருந்தது என்பவற்றைத் திகதியோடு எழுதுங்கள். கோபத்தைத் தனியாக எழுத வேண்டிய தேவை இல்லை. திகதிகளும் அளவுகளும் போதும்.

ஆண்டுகளைக் கணக்கிடும் விதம்

வன்னி மக்கள் கலண்டரால் நினைவு வைப்பதில்லை. இடப்பெயர்வுகளால் நினைவு வைக்கிறார்கள். "நாங்கள் அந்தக் கிண்ணத்தை எடுத்தது சனம் யாழ்ப்பாணத்தாலை வந்ததுக்குப் பிறகு" என்று ஒருவர் சொன்னால், அது 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுக்குப் பிற்பட்ட காலம். "ஆமி கிளிநொச்சிக்கு வர முந்தி" என்றால் 1996 செப்டெம்பருக்கு முன். "கிளிநொச்சி திரும்பப் பிடிபட்ட பிறகு" என்றால் புலிகள் அதைக் கைப்பற்றிய 1998 செப்டெம்பருக்குப் பின். "பாதை திறந்த வருசம்" ஏ9 வீதி திறக்கப்பட்ட 2002. "கடல் வந்த வருசம்" 2004 டிசெம்பர் 26ஐ ஒட்டியது. "பாதை பூட்டினது" 2006 ஓகஸ்ட். "முகாமுக்குள்ளை இருக்கேக்கை" என்பது பெரும்பாலும் 2009க்கும் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட 2012 செப்டெம்பருக்கும் இடைப்பட்டது. இவற்றை ஒரு நீளத் தாளில் இடது பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் சொல்லும் போட்டியையும் அணியையும் வலது பக்கத்தில் அந்தந்த இடத்தில் குறியுங்கள். சில வாரங்களில் அந்தத் தாளே நூலின் பொருளடக்கமாகிவிடும்.

பேட்டிக்குப் போகும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களில் வயலுக்குப் போகிறவரை மறித்து நிறுத்திக் கேட்பது முறையல்ல. பின்னேரம், தேநீர் வேளைக்குப் பின், அவருடைய பேரப்பிள்ளை ஒருவரும் உடனிருக்கும்படி பாருங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு அப்பப்பா சொல்லும் பதில் நீங்கள் கேட்டுப் பெறுவதைவிட முழுமையாக இருக்கும். போட்டிகளைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு மூன்று பழைய வீரர்களை ஒன்றாக இருத்துங்கள். ஒருவர் மறந்த கோலை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். அரசியலும் இழப்பும் பற்றிக் கேட்கும்போது ஒவ்வொருவரையும் தனியே சந்தியுங்கள். ஓர் இறுதிப் போட்டி சமநிலைத் தவிர்ப்பு உதையில் முடிந்தது என்று உங்கள் கழகமும், மத்தியஸ்தர் பக்கம் சார்ந்ததால் ஆட்டம் இடையில் நின்றது என்று அயலூர்க் கழகமும் சொன்னால், இரண்டையும் எழுதுங்கள். எதிரணியின் வீட்டுக்குப் போய்க் கேட்காத கழக வரலாறு பாதி வரலாறுதான்.

கடதாசியும் படமும்

கூட்டக் குறிப்புகள் எழுதிய சி.ஆர். கொப்பிகள் பெரும்பாலும் கிடைக்கா. கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தறப்பாளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கொப்பியைக் காப்பாற்றியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஊருக்கு வெளியே தேட வேண்டும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ முன்னரே போய்விட்ட வீரர்களின் வீடுகளில் படங்களும் சான்றிதழ்களும் இருக்கும். அயலூர்க் கழகங்களில் உங்கள் கழகம் அனுப்பிய அழைப்பிதழ்கள் இருக்கும். வீரகேசரி, தினகரன், உதயன், வன்னியில் வெளிவந்த ஈழநாதம் ஆகிய நாளிதழ்களில் போட்டி முடிவுகள் இருக்கும். நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் ஓரளவு கிடைக்கின்றன; இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ஒரு குழுப்படம் கிடைத்தால் அதனோடு ஒரு மாலைப் பொழுதையே செலவிடலாம். 2002இல் தொடங்கிய போர்நிறுத்த காலத்தில் எடுக்கப்பட்ட அவ்வாறான படம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பதினொரு பேரில் பூட்ஸ் அணிந்திருந்தவர்கள் நான்கு பேர், மற்றவர்கள் வெறுங்கால். ஜேர்சிகள் ஒரே நிறம், ஆனால் இலக்கங்கள் துணியில் வெட்டிக் கையால் தைத்தவை. ஏழாம் இலக்கம் இருவரிடம் இருந்தது. கோல் காப்பாளரின் கையில் இருந்தது தோட்ட வேலைக்குப் போடும் கையுறை. பின்னால் கட்டியிருந்த பதாகையில் சுற்றுப்போட்டியின் பெயரில் பாதியும், அன்பளிப்புச் செய்த கடையின் பெயர் முழுமையாகவும் தெரிந்தன. படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய பெயர்களில் இரண்டின் மேல் வேறு ஒரு கை பின்னர் சிறு சிலுவைக்குறி இட்டிருந்தது. இந்தப் படத்திலிருந்து வன்னி மீதான பொருளாதாரத் தடைக்குப் பிந்திய காலத்தின் பொருள் நிலை, ஊர்க் கடையின் பங்கு, அணியில் எஞ்சியவர் யார் என்பவை அனைத்தையும் விசாரித்தறிய முடியும். படத்தை வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, முன்புறத்தையும் பின்புறத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். மூலப்படத்தை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்ட படங்களாலேயே பல ஊர்களில் அடுத்த கதவு திறக்கப்படுவதில்லை.

அழைப்பிதழில் இருக்கும் அரசியல்

ஒரு கழகம் அரசியலில் ஈடுபட்டதே இல்லை என்று எல்லாக் கழகங்களும் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அரசியல் கழகத்திடம் வந்துகொண்டே இருந்தது. அதைக் காண்பதற்கு அழைப்பிதழ்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, பிரதம விருந்தினர் யார் என்று மட்டும் பாருங்கள். எழுபதுகளில் உதவி அரசாங்க அதிபரோ பாராளுமன்ற உறுப்பினரோ இருப்பார். தொண்ணூறுகளிலும் போர்நிறுத்த காலத்திலும் விடுதலைப் புலிகளின் அரசியல்துறையோ விளையாட்டுத்துறையோ சார்ந்த பொறுப்பாளர் இருப்பார். 2009க்குப் பிந்திய சில ஆண்டுகளில் படைப்பிரிவொன்றின் அதிகாரி முன்வரிசையில் அமர்ந்திருப்பார். 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைத் தேர்தல் நடந்த பின்னர் மாகாண அமைச்சர்களும் உறுப்பினர்களும் வருவார்கள். பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஜேர்சியும் பந்தும் வாங்கித் தந்தவர் பெயர் நன்றியுரையில் முதலில் வரும். ஒரு நாட்டில் ஆட்சி யார் கையில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று ஊர் மட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆரம்ப நிகழ்வையும் விசாரியுங்கள். எந்தக் கொடி ஏற்றப்பட்டது, எந்தப் பாடல் ஒலித்தது, மௌன வணக்கம் யாருக்காகச் செலுத்தப்பட்டது என்பவை காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். நாட்டின் தேசிய கீதம் தமிழிலும் உண்டு. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி கொழும்பில் நடந்த தேசிய விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பின் அது தமிழில் பாடப்பட்டது. 2020 விழாவில் அது விடப்பட்டது. இந்த இரு திகதிகளுக்கும் இடையே உங்கள் ஊர் மைதானத்தில் என்ன பாடப்பட்டது என்று ஒலிபெருக்கி வைத்திருந்தவரிடம் கேளுங்கள். அவர் எல்லா விழாக்களுக்கும் போனவர். எந்தக் கட்சியையும் சேராதவர். எந்த ஒலிநாடா எப்போது கேட்டு வாங்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும்.

படையினர் நடத்திய சுற்றுப்போட்டிகளில் கழகம் பங்குபற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். விரும்பிப் போனார்களா, போகாமல் விட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் போனார்களா, பூட்ஸ் கிடைக்கும் என்று போனார்களா என்பதை விளையாடியவர்களே சொல்லட்டும். ஒரே அணிக்குள் மூன்று காரணங்களும் இருந்திருக்கும்.

யாருடைய பெயர்கள் எழுதப்பட வேண்டும்

இங்கே மிகுந்த பொறுப்புத் தேவை. அணியின் பெயர்ப்பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் என்ன நடந்தது என்று குறிக்கும் ஆவல் எழும். இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர், வெளிநாடு சென்றவர் என்று வகைப்படுத்துவது இலகு. ஆனால் ஒரு தாய் தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கையில், மலரில் அவனை அமரர் என்று அச்சிடும் உரிமை கழகத்துக்கு இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டம் கேட்டது, அவர்களுக்கு என்ன நடந்தது என்ற பதிலையே. ஒவ்வொரு குடும்பத்திடமும் நேரில் சென்று, எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையே போடுங்கள். எதுவும் போட வேண்டாம் என்று சொன்னால் பெயரும் அவர் நின்ற இடமும் மட்டும் போதும்: இடது பின்களம், 2001 முதல் 2006 வரை.

இயக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய ஒப்புதல் இன்றி எதையும் அச்சிடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வன்னியில் எத்தனையோ இளைஞர்கள் எதற்காக விசாரிக்கப்பட்டார்கள் என்பதை ஊர் அறியும். தேவையெனில் பெயரை மாற்றி, மாற்றியதை நூலின் முன்பகுதியில் சொல்லிவிடுங்கள். அதே நேரம், விரும்பிச் சென்றவர்களோடு கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதை விட்டுவிட முடியாது. போரின் கடைசி ஆண்டுகளில் அணி எப்படிக் கலைந்தது என்று கேட்டால் எறிகணைகளும் வரும், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கும் வரும், பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த கதையும் வரும். இவற்றில் ஒன்றை எழுதி மற்றதை விட்டால், அடுத்த தலைமுறை நம்மை நம்பாது.

நம் கழகங்களின் மலர்களில் எளிதில் விடுபடும் மனிதர்கள் சிலரைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அவர்களோடு விளையாடிய அணிகள் இருந்தன, ஒரே அணியில் விளையாடியவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டுக்கு முந்திய படங்களில் நிற்பவர்களைப் புத்தளத்திலும், திரும்பி வந்தோரை மன்னாரிலும் தேடிப் போய்க் கேளுங்கள். அதுபோலவே 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல அணிகளின் முதுகெலும்பாக இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. கடவுச்சீட்டு இல்லாத ஒருவர் தேசிய அணிக்கு ஆட முடியாது. ஊர் அணிக்கு ஆட ஒரு சோடிக் கால் போதும். இந்த வேறுபாட்டை ஒரு வீரரின் வாழ்க்கை வழியாக எழுத முடிந்தால், குடியுரிமை பற்றிய நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது. பெண்கள் அணி இருந்ததா என்றும் கேளுங்கள்; இல்லையென்று ஆண்கள் சொன்னால், பெண்களிடம் மறுபடி கேளுங்கள்.

தேசிய அணியைப் பற்றிக் கேட்கும் விதம்

"நீங்கள் இலங்கை அணிக்கு ஆதரவா?" என்று நேரே கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதில் வரும். ஒரு குறித்த போட்டியை வைத்துக் கேட்பது நல்லது. 1995ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டி நடந்தது; இலங்கை இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்றது. அந்த நாட்களில் சந்திரிகா அரசும் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது; சில வாரங்களிலேயே, ஏப்ரல் 19ஆம் திகதி, அது முறிந்தது. மின்சாரம் இல்லாத வன்னியில் அந்த வெற்றியை யார் கேட்டார்கள், எந்த வானொலியில், சைக்கிள் டைனமோவைச் சுற்றியா, கேட்டபோது என்ன தோன்றியது என்று விசாரியுங்கள். மகிழ்ந்தேன் என்பவரும், கவலைப்படவில்லை என்பவரும், இந்தியா தோற்றதே எனக்குப் போதும் என்று, இந்தியப் படை வந்த 1987க்குப் பிந்திய நினைவுகளோடு சொல்பவரும் ஒரே திண்ணையில் இருப்பார்கள்.

நாட்டின் விளையாட்டு நிர்வாகம் அரசியலிலிருந்து விலகி இருக்கிறது என்ற எண்ணத்தையும் இந்தப் பகுதியில் சோதிக்கலாம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணிக்கு விளையாட்டு அமைச்சரின் அனுமதி வேண்டும். மறுபுறம், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் உங்கள் லீக்கில் பதிவான இளைஞர் ஒருவர் எந்த வாய்ப்பை இழந்தார் என்று தேடினால், கொழும்பில் நடக்கும் நிர்வாகச் சண்டை பரந்தனில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை எப்படி வந்து தொடுகிறது என்பது தெரியவரும். தெரிவுப் போட்டிக்கு எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினார், அங்கே பயிற்றுநர் எந்த மொழியில் பேசினார், புரியாததை யார் சொல்லிக் கொடுத்தார் என்பவற்றையும் எழுதுங்கள்.

பிற நாடுகளை எவ்வளவு தூரம் கொண்டு வரலாம்

நூலில் ஓரிடத்தில் வேறு நாடுகளோடு ஒப்பிட்டு எழுத விரும்புவீர்கள். அது நல்லதே, ஆனால் இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒற்றுமையை ஒரு வரியிலும் வேறுபாட்டை மூன்று வரியிலும் எழுதுங்கள்.

நம்மவர்களை முதலில் ஈர்ப்பது அல்ஜீரியா. 1958 ஏப்ரலில் ரஷீத் மெக்லூபி, முஸ்தபா ஸிதூனி உள்ளிட்ட வீரர்கள் பிரான்ஸின் கழகங்களை விட்டு இரகசியமாக வெளியேறி, தூனிஸ் நகரில் தேசிய விடுதலை முன்னணியின் அணியாக ஒன்று சேர்ந்தார்கள். ஸிதூனியும் மெக்லூபியும் அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் பிரான்ஸுக்கு ஆடியிருக்கக் கூடியவர்கள். பீபா அந்த அணியை ஏற்கவில்லை; ஆயினும் அது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சீனா, வியட்நாம் வரை சென்று ஆடியது, 1962இல் நாடு விடுதலை பெற்றது. புலம்பெயர்ந்த இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் அமைத்த அணி பீபாவுக்கு வெளியே நடக்கும் கொனிபா போட்டிகளில், 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும், ஆடியதை இதனருகே வைத்துப் பேசுவோர் உண்டு. அவ்வாறு வைப்பதானால் வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: அல்ஜீரிய அணி போர் நடந்துகொண்டிருக்கையில் புறப்பட்டது, அதற்குப் பின்னால் நட்பு நாடுகள் இருந்தன, இந்த அணி போர் முடிந்த பின், ஊரை நேரில் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் பலரைக் கொண்டு உருவானது. அந்த அணியில் ஆட வன்னியிலுள்ள ஒருவருக்கு வழி இருந்ததா என்ற கேள்வியை ஊரிலேயே கேளுங்கள்.

இரண்டாவது, ஐவரி கோஸ்ட். அந்நாடு 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி சூடானை 3–1 என வென்று முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோது, உடைமாற்றும் அறையில் திதியே துரொக்பா தன் அணியினரோடு முழந்தாளிட்டு, ஆயுதங்களைக் கீழே போடும்படி நாட்டு மக்களைக் கேட்டார். 2007 ஜூனில் கிளர்ச்சியாளரின் தலைநகராக இருந்த புவாக்கேயில் மடகாஸ்கருக்கு எதிரான போட்டியும் நடந்தது. இதுவரைதான் மேடைகளில் சொல்லப்படுகிறது. 2010 தேர்தலுக்குப் பின் அங்கே மறுபடி போர் மூண்டு சுமார் 3,000 பேர் இறந்ததைச் சொல்வதில்லை. 2009க்குப் பின் நடந்த ஏதோவொரு நல்லிணக்கக் கிண்ணத்தைப் பற்றி எழுதும்போது, பந்து இரு இனங்களையும் இணைத்தது என்று எழுதத் துடிக்கும் பேனையை இந்தச் செய்தி கொஞ்சம் நிறுத்தி வைக்கட்டும். அந்தப் போட்டிக்குப் பின் சிங்கள ஊர் அணி மறுபடி வந்ததா, நீங்கள் அங்கே போனீர்களா, யாருடைய வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பவற்றுக்குப் பதில் இருந்தால் அதை எழுதுங்கள். அவ்வாறு தொடர்ந்த நட்புகள் உண்டு. அவற்றை அலங்காரம் இல்லாமல் எழுதினால் மதிப்புக் கூடும்.

எழுதுவதும் அச்சிடுவதும்

எழுதும்போது போட்டிகளை முன்னிறுத்துங்கள். நாட்டுச் சம்பவங்கள் போட்டிகளின் பின்னால் வரட்டும். ஒவ்வொரு இயலையும் ஓர் ஆட்டத்தில் தொடங்கி, அந்த ஆட்டம் ஏன் அந்த மைதானத்தில், அந்த ஆண்டில், அந்த அணிகளுக்கிடையே நடந்தது என்று விரித்துச் செல்லலாம். ஓமந்தையையும் முகமாலையையும் தாண்டி 2003இல் வந்த அணியைப் பற்றி எழுதினால், சோதனைச் சாவடியில் பந்தை அழுத்திப் பார்த்தார்களா என்பதும் அதனுள் வரும். வீரவணக்கச் சொற்களும் மேடைச் சொற்களும் இயன்றவரை குறையட்டும். பேட்டியில் அவர்கள் பேசிய ஊர்ப் பேச்சை மேற்கோளில் அப்படியே விடுங்கள். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி ஒவ்வொன்றும் யாருடைய ஞாபகமாக நடத்தப்பட்டது, அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர் யார், எந்த ஆண்டு முதல் அது நடக்கவில்லை என்பவற்றைத் தனிப் பட்டியலாகப் பின்னிணைப்பில் சேருங்கள். எனக்கு அதுவே நூலின் மிக முக்கியமான பக்கமாகப் படும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், முழுப் பிரதியையும் சனசமூக நிலையத்தில் இரண்டு மூன்று மாலைகளில் உரக்க வாசியுங்கள். அயலூர்க் கழகத்தாரையும், பெயர் குறிக்கப்பட்ட குடும்பங்களையும் அழையுங்கள். மறுப்புச் சொல்பவரின் மறுப்பைக் குறித்துக்கொண்டு, உண்மையெனக் கண்டால் திருத்துங்கள். தீர்க்க முடியாதவற்றை இரு விதமாகவும் போடுங்கள். பிரதம விருந்தினர்களின் வாழ்த்துச் செய்திகளை நூலின் கடைசியில் வைக்கலாம். கழகம் மனம் வைத்தால் விட்டேவிடலாம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்தவை திரும்பி வரவில்லை. ஆகவே அச்சிட்ட நூலையும், ஸ்கேன் செய்த படங்களையும், குரல் பதிவுகளையும் ஓரிடத்தில் வைக்க வேண்டாம். ஒரு தொகுதி ஊர்ப் பாடசாலை நூலகத்திலும், ஒன்று பிரதேச சபை நூலகத்திலும், ஒன்று வெளிநாட்டில் வாழும் முன்னாள் வீரர் ஒருவரிடமும் இருக்கட்டும். நூலக நிறுவனத்துக்கு எண்ணிமப் பிரதி ஒன்றை எழுத்து மூல ஒப்புதலோடு கொடுங்கள். வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்ட குரல் பதிவுகளை வேறாகப் பிரித்து, எந்த ஆண்டு வரை மூடி வைக்க வேண்டும் என்று உறைமேல் எழுதி, கழகத்தின் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு வையுங்கள். நூலின் இறுதியில் வெற்றுத் தாள்கள் நாலைந்து சேர்த்துக் கட்டும்படி அச்சகத்தாரிடம் சொல்லுங்கள். வெளியீட்டு விழா முடிந்த மறுநாளே விடுபட்ட பெயர்களோடு ஆட்கள் வருவார்கள்.